பழைய எம்எக்ஸ்-5க்கு ஸ்கிராப் வண்டியின் பின்பக்க பிரேக் மாட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5க்கான வழிகாட்டி. 1989 முதல் 1997 வரை வந்த, மியாட்டா என்று எல்லோரும் சொல்லும் அந்த இரண்டு சீட்டு வண்டி. வேறு பழைய ஸ்போர்ட்ஸ் காராக இருந்தாலும், பின் காலிப்பருக்குள்ளேயே (சுழலும் டிஸ்க்கைப் பேட் எனும் உரசு கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஹேண்ட்பிரேக் இருக்கும் வகை என்றால் வரிசை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இந்த வேலையை என் வண்டிக்கு இரண்டு முறை செய்திருக்கிறேன். கற்றுக்கொள்ள வந்த தம்பிகள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததும் உண்டு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் ஒருவரும் தடுமாறவில்லை. பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டார்கள். அதனால் கீழே உள்ள எண் வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த வண்டியின் சாமான் என்று முதலில் தெரிய வேண்டும்

இந்த வண்டியில் 1.6 லிட்டர், 1.8 லிட்டர் என இரண்டு எஞ்சின்கள் உண்டு. பின் டிஸ்க் 1.6-ல் 231 மி.மீ., 1.8-ல் 251 மி.மீ. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டும் அதற்கேற்ப மாறும். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மாட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். 1.8 பிராக்கெட்டைச் சின்ன டிஸ்க்கோடு போட்டால் பேடின் வெளி விளிம்பு டிஸ்க்கைத் தாண்டித் தொங்கும். அதனால் டிஸ்க், பிராக்கெட், காலிப்பர் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்குங்கள்.

'பெரிய டிஸ்க் கிடைத்தது, பின்னால் மட்டும் போட்டுவிடலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பிரேக் பிடித்தவுடன் எடை முன்னுக்குச் சாய்ந்து பின் சக்கரங்கள் லேசாகிவிடும். அங்கே பிடிமானத்தைக் கூட்டினால், மழையில் முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுழன்றுவிடும். பெரிதாக்குவதென்றால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான்.

சிவாஜிநகர் குஜரி என்னும் பழைய சாமான் சந்தையில் மாருதி, ஹூண்டாய் சாமான் மலைபோலக் கிடக்கும். இந்த வண்டிக்கு அங்கே ஒன்றும் தேறாது. எனக்கு வந்தது ஷார்ஜா யார்டிலிருந்து, நண்பனின் பெட்டியில். அங்கே ஓடுபவை இடது ஸ்டியரிங் வண்டிகள் என்றாலும் பின் பிரேக்கில் அந்த வித்தியாசம் கிடையாது, தைரியமாக வாங்கலாம்.

2. காசு கொடுக்கும் முன் ஐந்து நிமிடம்

வீடியோ காலில் நண்பனை வைத்து நான் செய்த சோதனைகள் இவை. நேரில் வாங்கினாலும் இதேதான்.

முதலில் ப்ளீடர் நிப்பிள், அதாவது பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு. 8 மி.மீ. ஸ்பேனர் போட்டு லூசாக்கச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்றால் அந்தக் காலிப்பர் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்துவிட்டு, லேத்தில் துளை போட்டுப் புது மரை வெட்டும் செலவில் இன்னொரு காலிப்பரே வாங்கிவிடலாம்.

அடுத்து, காலிப்பரின் முதுகில் 14 மி.மீ. தலை போல்ட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. அல்லன் கீ போகும் துளை தெரியும். இதுதான் பிஸ்டனை நகர்த்தும் அட்ஜஸ்டர். வலப்பக்கம் திருப்பினால் பிஸ்டன் வெளியே வர வேண்டும், இடப்பக்கம் திருப்பினால் உள்ளே போக வேண்டும். "மச்சான், ஒரு சுத்து சுத்து, பிஸ்டன் அசையுதா பாரு" என்றேன். வெயிலில் நின்றுகொண்டு அவன் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனால் முதலில் காட்டிய இரண்டில் ஒன்று அசையவே இல்லை. வேறொன்றை எடுக்க வைத்தேன்.

மூன்றாவது, ஹேண்ட்பிரேக் லீவர். கையால் இழுத்துவிட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்பவும் தடுப்பில் போய் உட்கார வைக்க வேண்டும். லீவர் தண்டைச் சுற்றி ஈரப்பிசுக்கு இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது என்று பொருள். அதைத் தொடாதீர்கள். அங்கே உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை எடுக்கத் தனிக் கருவி வேண்டும்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வெர்னியர் வைத்து நாலு இடத்தில் அளந்து பாருங்கள். விளிம்பில் வைத்தால் துருவும் சேர்ந்து அளவு கூடக் காட்டும், பேட் உரசும் இடத்தில் அளக்க வேண்டும்.

3. எல்லாம் கையில் இருந்தால்தான் தொடக்கம்

வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு ஓடுவது நம் ஊர்ப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பிரித்து, கடை பூட்டியிருந்தால் கதை முடிந்தது. இவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்:

காலிப்பர் ரப்பர் கிட் இரண்டு, பிஸ்டன் விட்டத்தை அளந்த பிறகு. ஹோஸ் (காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாய்) போல்ட்டுக்கு 10 மி.மீ. செம்பு வாஷர் நான்கு, கூடுதலாக இரண்டு. சீல் உடைக்காத டாட் 4 பிரேக் ஆயில் ஒரு லிட்டர். புதுப் பேட் ஒரு செட், ஸ்கிராப் வண்டியின் பேட் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேண்டாம். காலிப்பர் சறுக்கி நகரும் தண்டான ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு. பிரேக் கிளீனர் ஸ்பிரே. துருவை இளக்கும் ஸ்பிரே. ஒளி ஊடுருவும் மெல்லிய டியூப், பழைய தண்ணீர் பாட்டில்.

ஹோஸ் வெடித்தோ உப்பியோ இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். அப்படியானால் இரும்புப் பைப்பின் 10 மி.மீ. நட்டுக்கு, ஒரு பக்கம் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் அவசியம். சாதாரண ஸ்பேனர் அந்த நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

4. காலிப்பரை மேஜையில் திறந்து ரப்பர் மாற்றுதல்

இதை வண்டியைத் தொடும் முன்பே முடித்துவிடுங்கள். காலிப்பருக்குள் குழி விழுந்திருப்பது தெரியவந்தாலும், வண்டி பழைய பிரேக்கோடு நான்கு சக்கரத்தில் நிற்கும். அவசரப்பட்டு எதையும் ஒப்பேற்ற வேண்டியிருக்காது.

அட்ஜஸ்டரை வலப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் மெல்ல வெளியே வரும். மரையை விட்டதும் கையால் இழுத்து எடுக்கலாம். காற்றடித்து எடுப்பதாக இருந்தால் எதிரே மரக்கட்டை வைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் மட்டும். விரலை எதிரே வைக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையத்தை மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். ஸ்குரூ டிரைவரால் எடுத்தால் பள்ளத்தில் கீறல் விழும், பிறகு எந்தப் புது ரப்பரும் அங்கே கசிவை நிறுத்தாது. பிஸ்டனின் பளபளப்பான மேல்பூச்சு உரிந்திருந்தால் பிஸ்டனையே மாற்ற வேண்டும். லேசான கறை என்றால் பிரேக் ஆயிலில் நனைத்த துணியே போதும்.

பெரும்பாலான மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் பெட்ரோலில் முக்கிக் கழுவுவார்கள். இரும்புக்குச் சரி, ரப்பருக்கு ஆகாது. பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் சாதா கிரீஸும் பிரேக் ரப்பரை ஊத வைக்கும். ஊதிய ரப்பர் பிஸ்டனை இறுக்கிக்கொள்ளும், அப்புறம் 'புது கிட் போட்டும் ஜாம் ஆகிறதே' என்று புலம்ப வேண்டியதுதான். கழுவுவதற்கு பிரேக் கிளீனர், தடவுவதற்குப் புது பிரேக் ஆயில். வேறு எதுவும் வேண்டாம்.

புது வளையத்தைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வைத்து, பிஸ்டனை நேராக வைத்து, அட்ஜஸ்டரை இடப்பக்கம் திருப்பி உள்ளே இழுங்கள். கார்ப்பென்டர் கிளாம்ப் போட்டு அழுத்துவது முன் காலிப்பருக்குச் சரி. பின் பிஸ்டனுக்குள் திருகுத்தண்டு இருப்பதால், அழுத்தினால் பிஸ்டன் போகாது, உள்ளே இருப்பதுதான் உடையும். நான் பார்த்ததில் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

ஸ்லைடு பின் இரண்டையும் உருவி, துருவை எமரி தாளால் தேய்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, விரலால் தள்ளினாலே வழுக்கிப் போகும்படி செய்யுங்கள்.

5. சக்கரம் தரையில் இருக்கும்போதே

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. வண்டி கியரில். ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் கழலாது. இதனால்தான் கட்டை இவ்வளவு முக்கியம்.

பின் சக்கர நட்டுகளை 21 மி.மீ. ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் லூசாக்குங்கள். வண்டியைத் தூக்கிய பிறகு ஏறி மிதித்தால் ஸ்டாண்டிலிருந்து வண்டி சரியும்.

அடுத்து உள்ளே, இரண்டு சீட்டுக்கும் நடுவே, ஹேண்ட்பிரேக் லீவரின் அடியில் இருக்கும் கேபிள் அட்ஜஸ்டரை நன்றாகத் தளர்த்திவிடுங்கள். கேபிள் துவள வேண்டும். இதை இப்போது விட்டுவிட்டால் பத்தாவது படியில் எல்லாமே தப்பாகப் போகும், ஏன் என்றும் பிடிபடாது.

பிராக்கெட் போல்ட், ஹோஸ் போல்ட் இரண்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தின நாள் ராத்திரியே அடித்து வைத்தால் நல்லது.

6. தூக்குதல், கழற்றுதல்

ஜாக்கியைப் பின் டிஃப்ரன்ஷியலுக்கு அடியில் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டை இருபுறமும் பின் ஜாக்கிங் பாயின்ட்டில் வையுங்கள். இந்த வண்டிகளில் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி துருப்பிடிப்பது சகஜம். ஸ்டாண்ட் வைக்கும் முன் விரலால் தட்டிப் பாருங்கள். தகடு நொறுங்கினால் அங்கே வைக்காதீர்கள். தூக்கிய பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் இல்லாதபோதே விழட்டும்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். குழம்பினால் பார்த்துக்கொள்ள இன்னொரு பக்கம் மாதிரியாக இருக்கும்.

கழற்றும் வரிசை: ஹேண்ட்பிரேக் கேபிள், காலிப்பர், பேட், பிராக்கெட், டிஸ்க், எல்லாவற்றுக்கும் கடைசியாக ஹோஸ். பழைய காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, புதியது தயாரானதும் ஹோஸை மாற்றினால் ஆயில் அதிகம் வழியாது. ஹோஸை முதலில் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன தம்பி ஒருவர் திரும்பி வந்தபோது, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) மேலிருக்கும் ஆயில் டப்பா காலியாக இருந்தது. பின்னால் மட்டும் எடுக்க வேண்டிய காற்றை நான்கு சக்கரத்திலும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். துணியால் துடைத்தால் மட்டும் போதாது, பெயின்ட் உரிந்து வரும்.

பேட் தூசியைக் காற்றடித்துப் பறக்க விடாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள்.

7. ஹப் முகம்

சின்ன வேலை, ஆனால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். ஹப் என்பது சக்கரம் மாட்டும் நடுப்பகுதி. டிஸ்க் உட்காரும் அதன் முகத்தில் துருச் செதில் ஒன்று மிஞ்சினாலும் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து சுழலும்போது ஆடும். அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.1 மி.மீ. மட்டுமே. கம்பி பிரஷால் தேய்த்து, டிஸ்க்கின் உள்முகத்தையும் தேய்த்து, மாட்டி, சக்கர நட்டு இரண்டைப் போட்டு இறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள்.

டிஸ்க்கில் உள்ள கைரேகை, துரு தடுப்பு எண்ணெய் எல்லாவற்றையும் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே பேட் போட வேண்டும்.

8. மாட்டுதல்

பிராக்கெட் போல்ட் 49 முதல் 69 நியூட்டன் மீட்டர். பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளிப் போட்டு, பேடைக் கையால் தள்ளிப் பாருங்கள். சுத்தியால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால் திரும்பியும் வராது.

காலிப்பரை வைக்கும் முன் நிப்பிளைப் பாருங்கள். அது மேலே பார்த்திருக்க வேண்டும். முதல் முறை நான் இடதை வலப்பக்கம் மாட்டிவிட்டேன். நிப்பிள் கீழே போய்விட்டது. காற்று மேலேதானே நிற்கும்? இரண்டு நாள் மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம், பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. மூன்றாம் நாள் காலை காபி டம்ளரோடு போய்க் குனிந்து பார்த்தபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து ஸ்கிராப் காலிப்பர் கைக்கு வந்தவுடனே சாக்பீஸால் இ, வ என்று எழுதிவிடுகிறேன்.

ஹோஸ் போல்ட்டில் இருபுறமும் ஒவ்வொரு புதுச் செம்பு வாஷர். இறுக்கம் 22 முதல் 29 நியூட்டன் மீட்டர். 'இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசியாது' என்று ஏறி மிதித்தால் காலிப்பரின் மரை போய்விடும். அப்படிச் செய்பவரையும் ஊரில் மரை கழன்றவர் என்றுதான் சொல்வார்கள். ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது எங்காவது உரசுமா என்றும் பாருங்கள்.

இப்போது 4 மி.மீ. அல்லன் கீ. அட்ஜஸ்டரை வலப்பக்கம் திருப்புங்கள். பேட் இரண்டும் டிஸ்க்கைப் பிடித்து, கையால் சுற்ற முடியாமல் போகும். அங்கிருந்து இடப்பக்கம் மூன்றில் ஒரு சுற்று திரும்ப வாருங்கள். டிஸ்க் சுற்றும். 14 மி.மீ. மூடி போல்ட்டை 12 முதல் 16 நியூட்டன் மீட்டரில் மூடுங்கள்.

மூன்றில் ஒரு சுற்றை விடக் குறைத்தால் பேட் உரசிச் சூடாகும். அதிகமாக்கினால் இடைவெளி பெரிதாகி, பெடல் பாதி தூரம் போன பிறகே பிடிக்கும். இந்த நீளமான பெடலைக் காற்று என்று நினைத்து அரை லிட்டர் ஆயிலை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் எளிது: இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தும் பஞ்சாக இருந்தால் காற்று. பெடல் கீழே போய் அங்கே கல் மாதிரி நின்றால் அட்ஜஸ்டர்.

ஹேண்ட்பிரேக் கேபிளை மாட்டுங்கள், ஆனால் இறுக்காதீர்கள்.

9. காற்று எடுத்தல்

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வலது ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது. பிறகு பின் வலது. டப்பா காலியாகவில்லை என்றால் முன்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை.

பெடலில் ஒருவர், நிப்பிளில் ஒருவர். பேச்சு முன்கூட்டியே ஒத்துப்போக வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்டது மூன்றே சொல்: நான் "மிதி" என்றால் பக்கத்து வீட்டுத் தம்பி மெதுவாக மிதித்து, "புடிச்சிருக்கேன் அண்ணா" என்பான். நான் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, "விடு" என்பேன். நிப்பிள் திறந்திருக்கும்போது அவன் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தினசரி ஓட்டத்தில் பெடல் அடிவரை போவதில்லை, அதனால் பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் துரு படிந்திருக்கும். முழுக்க மிதித்தால் உள் ரப்பர் அந்தத் துருவில் ஏறிக் கிழியும். பின் காலிப்பர் மாற்றப் போய் மாஸ்டர் சிலிண்டரும் வாங்கிய கதை அப்படி வந்ததுதான்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவில் ஆயிலைப் பாருங்கள். டியூபில் குமிழ் நின்று, நிறமும் தெளிந்தால் போதும். திறந்து வைத்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

10. ஹேண்ட்பிரேக், கடைசியாக

கால் பிரேக்கைப் பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள். பிறகு இரண்டு காலிப்பரிலும் ஹேண்ட்பிரேக் லீவர் தடுப்பில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கேபிள் அதை ஒரு நூல் அளவு இழுத்துப் பிடித்திருந்தாலும், பேட் தேயத் தேய உள்ளே தானாகச் சரிசெய்யும் அமைப்பு வேலை செய்யாது.

அப்புறம்தான் சீட்டுகளுக்கு நடுவே உள்ள அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். 5 முதல் 7 கிளிக்கில் பிடிக்க வேண்டும். இறக்கியதும் இரண்டு சக்கரமும் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

ஏழு கிளிக் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் கேபிளை மேலும் இறுக்காமல் எட்டாவது படியின் அல்லன் கீக்குத் திரும்புங்கள். என் வண்டியின் பழைய காலிப்பர்கள் போனதே இதனால்தான். ஒரு வொர்க்‌ஷாப்பில் ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று விட்டேன். கேபிளை மட்டும் இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகத்தான் பிடித்தது. ஒரே வாரத்தில் இடது டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது.

11. ஓட்டிப் பார்த்தல்

சக்கர நட்டு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர், குறுக்குமறுக்காக, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு. எஞ்சினை ஸ்டார்ட் செய்து பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, வெளியே எடுக்காதீர்கள்.

முதல் ஓட்டம் பேஸ்மென்ட்டுக்குள்ளேயே, நடக்கும் வேகத்தில். ஹேண்ட்பிரேக்கைச் சோதிக்க அபார்ட்மென்ட்டின் சாய்தளம் போதும். பின்னால் யாரும் நிற்காதபோது பாருங்கள்.

பிறகு ஞாயிறு விடியற்காலை, காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, நிதானமான அழுத்தத்தில் எட்டு பத்து முறை. முழுக்க நிறுத்தாதீர்கள். சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் டிஸ்க்கில் தடம் பதியும், அது பிறகு அதிர்வாகத் தெரியும். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆற விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள்.

இரண்டு பின் சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தகிக்கிறது என்றால் அங்கே ஸ்லைடு பின் இறுக்கமாக இருக்கிறது, அல்லது அட்ஜஸ்டரைப் போதுமான அளவு திருப்பி எடுக்கவில்லை.

முதல் வாரம் தினமும் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள், ஹேண்ட்பிரேக் கிளிக்கை எண்ணுங்கள். எனக்கு முதலில் ஆறு இருந்தது, பேட் படிந்த பிறகு ஏழானது. அப்படியே விட்டுவிட்டேன். நந்தி மலைக்கு வண்டியை எடுத்துப் போனது அதற்கும் பிறகுதான்.